ஒரு ஜோடி, ஒரு கோடை

மேசையில் உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்.
நேராக ஓடினால் எனக்கு.
தள்ளாடினால் கடைக்கே திரும்ப.
ஓவுலு நகரத்து இசைக்கடைப் பையன்
என்னைக் கண்டதும் கண்ணாடிப் பலகையைத்
துடைத்து வைத்துவிடுவான்.
பிறகு காதருகே ஒவ்வொன்றாகத் தட்டுவேன்.
இரண்டும் ஒரே சுருதி சொல்ல வேண்டும்.
சொல்லாத ஜோடியில்
ஒன்று சீக்கிரம் சாகும்,
மற்றது துணையில்லாமல் பையில் கிடக்கும்.

இருபது வயதில் ஹெவி மெட்டல் குழு.
ராத்திரிக்கு மூன்று ஜோடி.
மேடை விளக்கில் சிலாம்பு பறக்கும்
அதைப் பெருமை என்று நினைத்தேன்.
இப்போது ஏரிக்கரை நடனக் கூடங்கள்,
டாங்கோ, ஹும்ப்பா, நடுவே காபி.
கணக்குப் பார்ப்பவள் அக்கார்டியன்காரி இர்மெலி.
அவள் நோட்டில் செலவுக்கு மூன்றே தலைப்பு:
டீசல். காபி. ஐலியின் குச்சி.

ஜூனில், நள்ளிரவு வெயிலில்,
இரண்டாம் டாங்கோவின் பாதியில்
வலக்குச்சியின் முனை முறிந்து பறந்து
ஆடிக்கொண்டிருந்த ஒருவனின்
சட்டைப்பையில் விழுந்தது.
அவன் அடி தப்பவில்லை.
இடைவேளையில் காகிதக் கைக்குட்டையில் சுற்றி
நீட்டினான்: "உங்களுடையது."
ஏதோ என் பல் விழுந்துவிட்டது போல.

பெயர் யார்க்கோ. கோடரிக் காம்பு செய்கிறவன்.
முறிந்த இடத்தை மோந்து பார்த்தான்.
"அமெரிக்க மரமா?
நம்ம பிர்ச்சுக்கு என்ன குறை?"
பத்தாம் நாள் ஒரு ஜோடியோடு வந்து நின்றான்.
தேன்மெழுகு பூசி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு வழவழப்பு.
முதல் பாட்டில் விரிசல்.
இரண்டாவதில் இரண்டு துண்டு.
முன்வரிசையில் அவன்.
முதலில் சிரித்தது யாரென்று
இன்றும் எங்களுக்குள் வழக்கு.

திரும்பும் வழியில், வேனின் குட்டி விளக்கடியில்
பையைக் கவிழ்த்துச் செத்ததையெல்லாம் அடுக்கினேன்.
பிர்ச், ஹிக்கரி, மேப்பிள்
எல்லாவற்றுக்கும் காயம் ஒரே இடத்தில்:
முனைக்கு நான்கு விரல் கீழே.
மரத்தின் மேல் பழி போட முடியாது.
என் சிம்பல் கழுத்துயரத்தில்
தட்டையாக நின்றது.
அதன் விளிம்பில் நானே கொண்டுபோய்
அறுத்திருக்கிறேன், இருபது வருடம்.

மறுநாள் ஸ்டாண்டைத் தளர்த்தி
ஒரு சாண் இறக்கினேன். என் பக்கம் சாய்த்தேன்.
இப்போது வெட்டுவதில்லை.
கார்க் கண்ணாடியில் புதுப்பனியைத் தள்ளுவது போல
ஓரமாய் வழித்துக்கொண்டு போகிறேன்.
ஸ்நேரை இரும்பு வளையத்தோடு சேர்த்து அறைவது
கடைசிப் பாட்டுக்கு மட்டும்.
பாட்டுக்குப் பாட்டு வலது இடதாகும்,
பிடியும் கொஞ்சம் திரும்பும்
தேய்வதை எல்லாப் பக்கமும் பங்கிடட்டும்.

முட்டையைப் போலப் பிடி என்பார்கள்,
குருவியைப் போல என்பார்கள்.
குருவியெல்லாம் நான் பிடித்ததில்லை.
எனக்குத் தெரிந்தது பேருந்துக் கம்பி.
வளைவில் மட்டும் இறுக்குவோம்.
மற்ற நேரம் விரல் சும்மா தொட்டிருக்கும்,
கண் ஜன்னலில் இருக்கும்.
அடித்த குச்சி தானாக எழும்.
எழவிடாமல் அமுக்கியது நான்தான்.
மணிக்கட்டு வலிக்குக் களிம்பு வாங்கியதும் நான்தான்
(அதை இர்மெலி எந்தத் தலைப்பிலும் எழுதவில்லை).

குளிர்காலம் தனி.
வேனில் விட்டால் விறைக்கும்,
ஹீட்டர் மேல் வைத்தால் உலர்ந்து வளையும்.
ஆகவே குளியலறை அலமாரி, ஷாம்பூவுக்குப் பக்கத்தில்.
எஸ்கோ பல் துலக்கும் பிரஷைத் தேடும்போதெல்லாம்
குச்சிதான் கையில் வரும்.
ஒன்றும் சொல்ல மாட்டான்.
குழாயை மட்டும் சத்தமாகத் திறப்பான்.

ஆகஸ்ட் கடைசியில் இர்மெலி நோட்டை விரித்தாள்.
"குச்சி?"
"பதினான்கு யூரோ."
"எத்தனை ஜோடிக்கு?"
"ஒன்று."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி கேட்டாள்.

அந்த வாரம் சவுனா அடுப்பில்
பழைய துண்டுகளைப் போட்டேன்.
ஹிக்கரி முரண்டு பிடித்துப் புகைந்தது.
யார்க்கோவின் பிர்ச்
ஒரே தீக்குச்சியில் பற்றி
கல் சிவக்கும்வரை நின்று எரிந்தது.
அவனிடம் சொல்லவில்லை.
சனிக்கிழமை ஆட வருவான்.